வளவுக் குளத்துக்கு வளையும் குழாய்: எதை எடுப்பது, எப்படிப் பூட்டுவது

"வளையிற பைப் வேணும்" என்று திருகோணமலை நகரத்து ஹார்ட்வெயார் கடைகளில் கேட்டால், ஒன்றோடொன்று சேராத பல சாமான்கள் மேசைக்கு வரும். பூச்செடிக்குத் தண்ணீர் விடும் நூல் பின்னிய ஹோஸ், வயல் மோட்டருக்குப் பூட்டும் சுருள் வரி போட்ட சக்ஷன் ஹோஸ், கறுப்புப் பொலித்தீன் பைப், தட்டையாகச் சுருட்டி வைக்கும் டெலிவரி ஹோஸ், கிடைத்தால் பசை ஒட்டும் பிளெக்சிபிள் பி.வி.சி. எல்லாமே வளையும். ஆனால் அளக்கும் முறையும் பூட்டும் முறையும் ஒவ்வொன்றுக்கும் வேறு. வீட்டு வளவு மீன்குளத்துக் குழாய் நடுவில் வெடிப்பது அரிது. தண்ணீர் போவது பெரும்பாலும் மூட்டு வழியாகத்தான். அதனால் எது நன்றாக வளைகிறது என்பதைவிட, எதை நம்பிப் பூட்டலாம் என்பதைப் பார்த்துத்தான் குழாயைத் தெரிய வேண்டும்.

கணக்குக்கு ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். 3 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம், 70 சென்ரிமீற்றர் ஆழம்; ஏறத்தாழ 3,150 லீற்றர் தண்ணீர். உள்ளே ஒரு மூழ்கும் மோட்டர், 10 மீற்றர் தள்ளி ஒரு பில்டர், அங்கிருந்து நீர்மட்டத்துக்கு 1 மீற்றர் மேலேயிருந்து விழும் சின்ன அருவி. கோய் போன்ற அதிகம் தின்று அதிகம் கழிக்கும் மீன் வளர்ப்பவர்கள் குளத்துத் தண்ணீர் முழுவதும் மணிக்கு ஒரு தடவை பில்டருக்குள் போய் வர வேண்டும் என்பார்கள். அப்படியானால் மணிக்கு 3,000 முதல் 4,000 லீற்றர் ஓட வேண்டும்.

முதலில் உள்விட்டம்

மணிக்கு 4,000 லீற்றர் தண்ணீர் 10 மீற்றர் வழுவழுப்பான குழாய்க்குள் ஓடும்போது, மோட்டர் ஏற்றக்கூடிய உயரத்தில் எவ்வளவை உராய்வால் இழக்கிறது என்று பாருங்கள். உள்விட்டம் 19 மி.மீ. என்றால் ஏறத்தாழ 9 மீற்றர். 25 என்றால் 2.4 மீற்றர். 32 என்றால் 0.7, 38 என்றால் 0.3, 50 என்றால் 0.1 மீற்றருக்கும் குறைவு. விட்டம் பாதியானால் இழப்பு முப்பது மடங்கு அளவுக்கு ஏறும். மீன்குள மோட்டர்கள் பலவும் 2, 3 மீற்றர் உயரத்துக்கு மேல் தள்ளாதவை. பெட்டியில் மணிக்கு 6,000 லீற்றர் என்று போட்டிருப்பது பூச்சிய உயரத்தில் வரும் அளவு. உச்ச உயரம் 3 மீற்றர் உள்ள அப்படியொரு மோட்டரை இந்தக் குளத்தில் 25 மி.மீ. ஹோஸில் பூட்டினால் அருவியில் விழுவது மணிக்கு ஏறத்தாழ 2,300 லீற்றர், 46 மி.மீ. உள்விட்டத்தில் 3,700. மோட்டர் ஒன்று, கரண்ட் செலவும் பெரிதாக மாறாது, தண்ணீரில் மட்டும் இவ்வளவு வித்தியாசம்.

இது அழகுக்காகச் சொல்லும் கணக்கல்ல. ஓட்டம் குறைந்தால் குளத்து மூலைகளில் தண்ணீர் அசையாமல் நிற்கும். நிற்கிற தண்ணீர் நுளம்புக்கு வசதி. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதைக் கண்ட மாவட்டத்தில், வளவுக்குள் குளம் கட்டுகிறவர் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

எல்போ போட்டால் ஓட்டம் செத்துவிடும், வளையும் குழாய்தான் நல்லது என்ற பேச்சும் உண்டு. பாதி உண்மை. ஒரு 90 பாகை எல்போ, அந்தக் குழாயின் விட்டத்தைப் போல 30 மடங்கு நீளமான நேர்க்குழாய்க்குச் சமம். 25 மி.மீ. குழாயில் ஆறு எல்போ போட்டால் 1 மீற்றருக்குமேல் உயரம் போகும். 38 மி.மீ. குழாயில் அதே ஆறும் 0.2 மீற்றர்தான் தின்னும். ஒடுங்கிய குழாயை எவ்வளவு அழகாக வளைத்தாலும் அகலமான குழாயின் எல்போக்களை அது வெல்லாது. மேலே சொன்ன குளத்துக்கு 38 மி.மீ. உள்விட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டாம்.

ஒரே இலக்கம், வெவ்வேறு அளவு

கடையில் அதிகம் குழம்புவது இங்கேதான். நம் நாட்டு விறைப்பான பி.வி.சி. குழாய்களை வெளிவிட்டத்தில் அளக்கிறோம்: ஒரு இஞ்சி என்பது 32 மி.மீ., ஒன்றேகால் என்பது 40, ஒன்றரை என்பது 50, இரண்டு இஞ்சி என்பது 63. கறுப்புப் பொலித்தீன் பைப்பும் வெளிவிட்டந்தான். சுவர் தடிப்பானதால் 32 என்று வாங்கியதன் உள்ளே 25 சொச்சந்தான் இருக்கலாம். சக்ஷன் ஹோஸும் தோட்ட ஹோஸும் உள்விட்டத்தில் அளக்கப்படுபவை: ஒன்றரை இஞ்சி ஹோஸ் என்றால் உள்ளே 38 மி.மீ.

பசை ஒட்டும் பிளெக்சிபிள் பி.வி.சி. இரண்டு விதமாக வருகிறது. மெற்றிக் அளவில் வருவது வெளியே சரியாக 50 அல்லது 63 மி.மீ.; நம் சொக்கற்றுக்குள் (குழாய் நுனி நுழையும் இணைப்பு) இறுக்கமாகப் போகும். அமெரிக்க அளவில் வரும் ஒன்றரை இஞ்சி வெளியே 48.3 மி.மீ., இரண்டு இஞ்சி 60.3 மி.மீ. இவை நம் 50, 63 சொக்கற்றுக்குள் ஆடும். அந்த இடைவெளியைப் பசையால் நிரப்பி ஒட்டியவர்கள் மோட்டரைப் போட்டதும் சொட்டு விழுவதைக் காண்பார்கள். பசை என்பது இரண்டு பிளாஸ்டிக் முகங்களையும் கரைத்து ஒன்றாக்குவது; பள்ளம் நிரப்புவது அதன் வேலையல்ல. கடைக்குப் போகும்போது ஒரு 50 மி.மீ. சொக்கற்றைக் கையோடு கொண்டுபோங்கள். காய்ந்த குழாய் சொக்கற்றின் ஆழத்தில் பாதிக்குமேல் போனதும் இறுக வேண்டும். தானாக அடிவரை விழுந்தால் வாங்க வேண்டாம்.

திருகு மரையிலும் இதே சிக்கல் உண்டு. இங்கே புழங்குவது பிரிட்டிஷ் மரை. ஒன்றரை இஞ்சியில் ஓர் இஞ்சிக்கு 11 பல். அமெரிக்க மரையில் பதினொன்றரை. ஒன்றை மற்றதில் திருகினால் இரண்டு சுற்று நன்றாகப் போய்ப் பிறகு முறுகும். முறுகியதை ஸ்பானரால் இழுத்தால் பிளாஸ்டிக் வெடிக்கும்.

சுருள் வரி சக்ஷன் ஹோஸ்

தம்பலகாமம், கந்தளாய் வயற்பக்கங்களில் மோட்டருக்குப் போடும் இந்த ஹோஸ் எளிதில் கிடைக்கும், விலையும் தாங்கும். மென்மையான பி.வி.சி.க்குள் விறைப்பான சுருள் ஓடுவதால் மோட்டர் உறிஞ்சும்போது சப்பையாகாது. குளத்துக்கு வெளியே மோட்டரை வைத்து உறிஞ்சுபவர்களுக்கு வளையும் குழாய்களில் இதுவும் பிளெக்சிபிள் பி.வி.சி.யும்தான் சரிவரும்.

வாங்கும்போது உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். சில வகை உள்ளேயும் வரிவரியாக இருக்கும். அந்த வரிகளில் சேறு தங்கும், உராய்வும் கூடும். உள்ளே வழுவழுப்பானதை எடுங்கள். வரியுள்ளதுதான் கிடைக்கிறது என்றால் ஓரளவு கூட்டி வாங்குங்கள்.

இதன் பலவீனம் கிளிப் போடும் இடம். வெளியே வரிகள் எழும்பி நிற்பதால் சாதாரண தட்டைக் கிளிப் வரியின் முதுகில் மட்டும் உட்காரும். இரண்டு வரிக்கும் இடையிலுள்ள மென்மையான பகுதி நிப்பிளில் (ஹோஸைச் செருகும் குறுங்குழாய்) அழுந்தாது. அழுத்தப் பக்கத்தில் அது ஒழுகும். உறிஞ்சும் பக்கத்தில் அதைவிட மோசம்: தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். மோட்டர் இரைந்துகொண்டு அரைகுறையாகத் தள்ளும், ஒழுக்கு எங்கேயென்று கண்ணுக்குத் தெரியாது. வரிகளுக்கு இடையே அடங்கும் ஒடுங்கிய கிளிப்போ, சுருளின் போக்கிலேயே முறுகி உட்காரும் கம்பிக் கிளிப்போ தேவை. எத்தனை கிளிப் என்பதைவிட அது எங்கே உட்காருகிறது என்பதே முக்கியம்.

பூட்டும் முறை இது. ஹோஸின் நுனியைச் செங்குத்தாக வெட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் சுருள் முனையை அரத்தால் மழுக்குங்கள். கிளிப் இரண்டையும் முதலே ஹோஸில் கோத்துவிடுங்கள். நுனியை ஒரு நிமிடம் சுடுதண்ணீரில் பிடித்து, சவர்க்காரத் தண்ணீர் தடவி, நிப்பிளின் கழுத்து முழுவதும் மூடும்வரை முறுக்கித் தள்ளுங்கள். எண்ணெய், கிறீஸ் வேண்டாம். எண்ணெய் பூசிய ஹோஸ் பிறகு நழுவும், குளத்துக்கும் ஆகாது. கிளிப்புகளின் திருகாணிகளை எதிரெதிர்ப் பக்கம் வைத்து இறுக்குங்கள். மறுநாள் ஒருமுறை, ஒரு கிழமை கழித்து ஒருமுறை மீண்டும் இறுக்க வேண்டும். மென்மையான பி.வி.சி. அழுத்தத்தில் மெல்ல ஒதுங்கிக் கொடுக்கும். முதல்நாள் இறுக்கம் அப்படியே நிற்காது. இதனாலேயே கிளிப் போட்ட மூட்டை மண்ணுக்குள் புதைக்கக்கூடாது.

கறுப்புப் பொலித்தீன் பைப்

வெயிலைத் தாங்குவதில் இதற்கு இணை இல்லை. கரி கலந்த கறுப்பு, வெளியே கிடந்தாலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் இதில் எந்தப் பி.வி.சி. பசையும் ஒட்டாது. பசை காய்ந்ததும் ஒட்டியதுபோலத் தெரியும், இழுத்தால் தோல்போலக் கழன்று வரும். இதற்கென்றுள்ள இறுக்கு மூட்டுகளைத்தான் வாங்க வேண்டும்: உள்ளே இறப்பர் வளையமும் பல் வைத்த பிடிவளையமும் கொண்டவை. நுனியைச் சாய்வாகச் சீவி, மூட்டின் ஆழத்தை அளந்து குழாயில் கோடு போட்டு, சவர்க்காரத் தண்ணீர் தடவி, கோடு மறையும்வரை தள்ள வேண்டும். கோடு மறையாவிட்டால் இறப்பர் வளையத்தைக் குழாய் தாண்டவில்லை என்று அர்த்தம். அந்த மூட்டு அன்று ஒழுகாவிட்டாலும் ஒருநாள் கழரும்.

"வளையும்" என்ற சொல் இதற்குப் பாதிதான் பொருந்தும். அடர்ந்த பொலித்தீனை அதன் வெளிவிட்டத்தின் 20 முதல் 25 மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக்கூடாது. 50 மி.மீ. பைப்புக்கு அது 1 மீற்றருக்கு மேல். சின்ன வளவில் குளத்து விளிம்பைச் சுற்றிக் கொண்டுவர அது இடங்கொடாது. பில்டர் வீட்டுப் பின்பக்கம் 25, 30 மீற்றர் தள்ளியிருந்தால், நடுவில் மூட்டே இல்லாமல் ஒரே சுருளாக ஓட இதைவிட நல்லது இல்லை.

பிளெக்சிபிள் பி.வி.சி.

அளவு சரியாகக் கிடைத்தால் வசதியில் இதுவே முதலிடம். சாதாரண 50 மி.மீ. எல்போ, ரீ, வால்வ், யூனியன் (கழற்றிப் பூட்டும் இணைப்பு) எல்லாவற்றிலும் நேரடியாக ஒட்டலாம், கிளிப்பே வேண்டாம். விலை விறைப்புக் குழாயைப்போலப் பல மடங்கு.

ஒட்டும்போது இரண்டு விசயங்களில் பிழை விடுகிறார்கள். ஒன்று, வீட்டுக் குழாய்க்கு வாங்கிய தண்ணியான பசையையே பூசுவது. மென்மையான பி.வி.சி.க்குக் கெட்டியான, தடிப்பாகப் படியும் பசை வேண்டும். பசைக்கு முன் பூசும் பிரைமர் கிடைத்தால் முதலில் அதைத் தடவுங்கள். இரண்டு, குழாயை வளைத்த நிலையிலேயே ஒட்டுவது. சுருளிலிருந்து வெட்டிய துண்டு மறுபடி சுருளவே பார்க்கும். ஈரமான மூட்டின் ஒரு பக்கத்தை அது மெல்ல இழுத்துத் திறந்துவிடும். ஒட்டுமுன் துண்டை அரைமணி நேரம் வெயிலில் நேராகப் போடுங்கள். நம் வெயிலுக்கு அது போதும். பிறகு வெளிப்பக்க மினுக்கத்தை மண்தாளால் தேய்த்து, குழாயிலும் சொக்கற்றிலும் பசை பூசி, கால் சுற்றுத் திருப்பித் தள்ளி, அரை நிமிடம் கையை எடுக்காமல் பிடியுங்கள். மூட்டிலிருந்து முதல் 15 சென்ரிமீற்றர் நேராக வரவேண்டும். வளைவு அதற்குப் பிறகு. 24 மணித்தியாலத்துக்கு மோட்டரைப் போட வேண்டாம்.

மண்ணுக்குள் புதைக்க இதைப் பரிந்துரைக்க முடியாது. மென்மையாக்கச் சேர்த்த பொருளாலேயே இது கறையானுக்கும் எலிப்பல்லுக்கும் இடங்கொடுக்கிறது. கறையான் மருந்து அடித்த அத்திவாரத்தை ஒட்டிய மண்ணில் மருந்தின் எண்ணெயும் குழாயைக் கெடுக்கும்.

மற்றவை

நூல் பின்னிய தோட்ட ஹோஸ் 19, 25 மி.மீ. அளவுக்கு, அதாவது 500 லீற்றர் சிமெந்துத் தொட்டியில் கப்பி மீன் வளர்ப்பவருக்குச் சரி. ஒளி ஊடுருவும் வகையை எடுக்காதீர்கள். வெயில் பட்டால் உள்ளே பாசி பிடித்து ஒடுங்கும். தட்டையாகச் சுருளும் டெலிவரி ஹோஸ் குளத்தை இறைத்துக் கழுவும் நாளுக்கு மட்டும். மின்சார வயர் ஓட்டும் நெளிகுழாயை மலிவென்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது தண்ணீருக்குச் செய்யப்பட்டதல்ல, அதற்கு இறுகிப் பூட்டும் மூட்டும் இல்லை.

எங்கே வீடு என்பதும் பார்க்க வேண்டும்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல். ஓரடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டுவது ஒரு காலை வேலை, குழாய்க்கு அடியில் தனியாக மணல் பரப்பவும் வேண்டாம். ஆனால் மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும். புதைத்த மூட்டு ஒழுகுகிறதா என்று அப்போது கண்டுபிடிக்கவே முடியாது. அங்கே மண்ணுக்குள் போவது பசை ஒட்டிய விறைப்பான குழாய் மட்டுமாக இருக்கட்டும். உவர்மலை போன்ற பாறைப்பாங்கான இடத்தில் வெட்ட முடியாது. குழாய் மேலேதான் போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெயிலில் மென்மையான ஹோஸ் திறந்து கிடந்தால் முதலில் விறைக்கும், பிறகு வெடிக்கும். 110 மி.மீ. குழாயை நெடுக்காகப் பிளந்து மேலே கவிழ்த்துவிட்டால் வெயிலும் அணிலும் அண்டாது.

கடலுக்குக் கிட்ட உள்ள வீடுகளில் கிளிப் ஒரு தனிக் கவலை. நாகம் பூசிய கிளிப் உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும். துருப்பிடிக்காது என்று விற்பவற்றிலும் பட்டி மட்டும் ஸ்டெயின்லெஸ், திருகாணி சாதாரண இரும்பாக இருப்பது வழக்கம். காந்தம் வைத்துப் பாருங்கள்: திருகாணி பலமாக ஒட்டினால் வேண்டாம். படகு எஞ்சின் சாமான் விற்கும் கடைகளில் 316 தர ஸ்டெயின்லெஸ் கிளிப் கேளுங்கள். குளத்துத் தண்ணீருக்குள் மூழ்கும் இடத்தில் பித்தளை, செம்பு பொருத்துகளும் வேண்டாம். செம்பு மீனுக்கு நஞ்சு.

நாம் தெரிவது

மேலே சொன்ன குளத்துக்கு ஒரே வகைக் குழாயால் முழுவதையும் செய்ய வேண்டியதில்லை. நிலத்துக்குள் போகும் 8 மீற்றரும் 50 மி.மீ. விறைப்பான பி.வி.சி., டைப் 600. 3 மீற்றர் உயர மோட்டர் தரும் அழுத்தம் 30 கிலோபஸ்கால் அளவு; 600 தாங்கும் குழாய்க்கு அது ஒன்றுமில்லை, டைப் 1000 வாங்குவது வீண் செலவு. மோட்டரிலிருந்து குளத்து விளிம்பு தாண்டும்வரை 1.5 மீற்றரும், பில்டருக்கு ஏறும் கடைசி 1 மீற்றரும் வளையும் குழாய்: அளவு பொருந்தினால் பிளெக்சிபிள் பி.வி.சி., இல்லாவிட்டால் உள்ளே வழுவழுப்பான ஒன்றரை இஞ்சி சக்ஷன் ஹோஸ். மோட்டரைக் கழுவத் தூக்கும்போது குழாய் வளைந்து கொடுக்க வேண்டும். வளைவு உண்மையில் தேவைப்படுவது அந்த இரண்டு நுனியிலுந்தான்.

சக்ஷன் ஹோஸ் வழியில் போனால் வேண்டியவை: 50 மி.மீ. 45 பாகை எல்போ 4, ஒன்றரை இஞ்சி மரையுள்ள போசெற் சொக்கற் 2, ஹோஸ் நிப்பிள் 2, மோட்டர் வாய்க்குரிய நிப்பிள் 1, பில்டர் வாய்க்கு ராங்க் கனெக்டரும் (தொட்டிச் சுவரில் துளையிட்டுப் பூட்டும் இணைப்பு) நிப்பிளும் ஒவ்வொன்று, 316 கிளிப் 8, பந்து வால்வ் 1, யூனியன் 1, பசை ஒரு சின்ன ரின், சீல் ரேப் 2. மோட்டர் வாய் ஒரு இஞ்சியாக இருந்தால் ஒடுங்கலை மோட்டர் வாயிலேயே முடித்து, அங்கிருந்தே ஒன்றரை இஞ்சிக்குப் போய்விடுங்கள்.

நிப்பிளின் மரையில் சீல் ரேப்பைத் திருகும் திசையிலேயே 10, 12 சுற்றுச் சுற்றி, கையால் முடிந்தமட்டும் இறுக்கி, பிறகு ஸ்பானரால் ஒரு சுற்று. அதற்குமேல் போனால் போசெற் சொக்கற்தான் பிளக்கும், அதுவும் சிலவேளை அன்றல்ல, இரண்டு மாதம் கழித்து. வால்வை மோட்டருக்குப் பிறகு, தள்ளும் பக்கத்தில் மட்டும் வையுங்கள்; உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தினால் மோட்டர் கெடும். தார்ப்பாய் விரித்த குளம் என்றால் பக்கத்தில் துளையிட வேண்டாம், குழாயை விளிம்புக்கு மேலால் எடுங்கள்.

மூடுமுன் வாய்க்காலைத் திறந்தபடியே விட்டு மோட்டரை ஒரு முழு நாள் ஓட்டுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே காய்ந்த கடதாசித் துண்டு ஒன்று வைத்தால் ஒரு சொட்டும் தப்பாது. மோட்டரின் இணைப்பு ரிப் சுவிட்ச் வழியாகவே வரட்டும்; குளத்துக்குள் கைவைக்குமுன் அதை நிறுத்துங்கள்.

பிறகு கரண்டை நிறுத்திப் பாருங்கள். பில்டருக்குப் போகும் குழாயின் வாய் பில்டர்த் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், கரண்ட் போனதும் தண்ணீர் மோட்டர் வழியாகத் திரும்பிக் குளத்துக்கு இறங்கும். பில்டர் வற்றும், அதில் வாழும் நல்ல பக்ரீரியாவும் காயும். குளத்துக்கு வெளியே, தாழ்ந்த இடத்தில் மோட்டர் வைத்தவர்களுக்கு மூட்டு ஒன்று கழன்றால் குளமே இறங்கிவிடும். பில்டருக்குப் போகும் குழாயின் வாயைப் பில்டரின் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். மூழ்கித்தான் ஆக வேண்டுமென்றால், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மட்டம் அந்தத் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறும். பாசி அடைக்கும் துளை அது. பில்டர் கழுவும் ஒவ்வொரு தடவையும் ஈர்க்குக்குச்சியால் குத்திவிட வேண்டும்.